வெசாக் அன்று அருவிக்கு

கொழும்பிலிருந்து ருவான்வெல்லை போகும் தனியார் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பலாப்பழம் உட்கார்ந்து வந்தது. அதன் சொந்தக்காரர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தேன். அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பஸ்ஸே சிரித்தது. பின் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் தமிழில் எடுத்துச் சொன்னார்: "பழத்துக்கு நிக்கத் தெரியாதாம். அவருக்குத் தெரியுமாம்."

நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் மறுபடி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். வழியெல்லாம் இதையே கேட்டதில் கண்டக்டர் என்னைக் கண்டாலே "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்று தனக்குத் தெரிந்த தமிழைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

போர்நிறுத்தக் காலம் அது. ரோட்டோரச் சோதனைச் சாவடிகள் மணல் மூட்டைகளோடு அப்படியே நின்றன. யாரும் இறங்கச் சொல்லவில்லை. ஒரு சாவடிக்குள் நாய் படுத்திருந்தது. அதைத் தாண்டியதும் ரப்பர் மரங்கள் தொடங்கின. ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் பால் பிடிக்க ஒரு சிரட்டை. எங்கள் முசிறிப் பக்கம் வெயிலில் காய்ந்து நிற்கும் கருவேல மரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவ்வளவு நிழல் திகட்டியது.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மங்கை இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை சேகர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்திலிருந்து போனவர். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த சேகரை மங்கைக்குப் பிடித்துவிட்டது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனாள். அப்பா ஒருமுறைகூட அவளைப் பார்க்கப் போனதும் இல்லை, சேகர் என்ற பெயரைச் சொன்னதும் இல்லை. இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. இப்போது மூன்றாவது. பள்ளி அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நான் கிளம்பியபோது அப்பா வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"போய்க் கூட்டிட்டு வந்துடு. குழந்தையோட வந்தாலும் சரி, இல்லாம வந்தாலும் சரி."

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் சேகர் காத்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, பேச்சு குறைவு. "வாங்க மதினி" என்று பையை வாங்கிக்கொண்டார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படியும் கூப்பிடாமலே பின்னால் நடந்தேன்.

அவர்கள் குடியிருந்த லயம் ஒரே நீளமான கட்டிடம்; வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். சேகரின் அக்கா பாக்கியம் பக்கத்துக் காம்பரா. ரப்பர் பால் வெட்டும் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும், குரல் மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கும். நான் முகம் கழுவுவதற்குள் தட்டில் ரொட்டியும் கட்டச்சம்பலும் வந்துவிட்டன. தேங்காய்ப்பூ சேர்த்துச் சுட்ட தடித்த ரொட்டி. சம்பலில் காய்ந்த மிளகாயும் வெங்காயமும் எலுமிச்சையும். முதல் வாயிலேயே கண்ணில் நீர் வந்தது.

"அழுவுறீங்களா, உறைக்குதா?" என்று பாக்கியம் கேட்டார்.

"உறைக்குது."

"அப்ப சரி. இன்னொன்னு வைக்கிறேன்."

மறுநாள் மத்தியானம் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனோம். மங்கையை முன்கூட்டியே சேர்த்திருந்தார்கள். பெரிய வயிறும் ஒட்டிய கன்னமுமாகக் கட்டிலில் உட்கார்ந்து, நர்ஸோடு சிங்களத்தில் வாயாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு அப்படியே தமிழுக்குத் திரும்பியது. "அக்கா, கருவாட்டுக் குழம்பு கொண்டாந்தியா?" விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் அதற்குள் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் என்னை அறிமுகப்படுத்தத் தொடங்கிவிட்டாள்.

டாக்டர் பொறுமையான மனிதர். மங்கையின் ரத்தம் ஓ நெகட்டிவ் என்பதால் கவனமாகப் பார்க்கிறோம், இன்னும் இரண்டு வாரமாவது ஆகும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். உள்ளே துணைக்குத் தங்க விடமாட்டார்கள். மத்தியானம் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.

அந்தக் கொஞ்ச நேரங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. பாத்திரம் விளக்கினேன். விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கினேன். லயத்து வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். அப்பா சொன்னதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது? மங்கையிடம் இப்போது சொல்ல முடியாது. சேகரிடம் சொல்லலாம் என்றால் அவர் வேலை முடிந்து வந்ததும் பால் விடாத பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "சாப்புட்டீங்களா மதினி?" என்று கேட்டு, பதில் வருமுன் கொல்லைக்குப் போய் விறகு பிளக்க ஆரம்பித்துவிடுகிறார். மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது இப்படியும் ஒரு மனிதன் அமைதியாக இருப்பானா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் அடுத்த மழைக்காலம் வரைக்கும் போதும் அளவுக்கு விறகு இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

லயத்துக்கு நேர் மேலே, காட்டுக்கு நடுவில், ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அருவி. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் இரைச்சல் கேட்கும். சில சமயம் பஸ் வருகிறது என்று நினைத்து எழுந்து நிற்பேன். ஒரு நாள் இதைப் பார்த்துப் பாக்கியம் பொறுமை இழந்தார்.

"இப்பிடியே நடந்தீங்கன்னா வாசல்ல பள்ளம் விழுந்துரும் மதினி. நாளைக்கு வெசாக். வேலையில்ல. வாங்க, அருவிக்குப் போயிட்டு வருவோம். நடக்கத்தான் ஆசைன்னா அங்க நடங்க."

"தூரமா?"

"தூரமெல்லாம் இல்ல. மூக்குக்கு நேரா ஏறணும், அவ்வளவுதான்."

வெசாக் என்பது புத்தருக்கான பௌர்ணமி நாள். இலங்கை முழுவதும் விடுமுறை. ஊரெல்லாம் காகித விளக்குக் கூடுகள் தொங்கும். காலையிலேயே கிளம்பி, சாயங்காலப் பார்வை நேரத்துக்கு முன்பே இறங்கிவிடுவதாகத் திட்டம். சேகரும் வந்தார். ஏறும்போது அவரிடம் பேசிவிடலாம் என்று நானும் கிளம்பினேன்.

ரப்பர் காடு முடியும் இடத்தில் தோட்டத்து மயானம். சேகர் "வந்துர்றேன்" என்று ஒதுங்கினார். பாக்கியம் என்னை நிறுத்திவைத்தார். சேகர் இரண்டு சின்ன மண்மேடுகளுக்கு முன் குந்தி, புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கையில் ஒட்டிய மண்ணைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தபடி வந்து, ஒன்றும் நடக்காதது போல் முன்னால் ஏறினார். சொல்ல வந்ததை மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் ஏறினேன்.

அதற்குமேல் பாதை என்று சொல்ல ஒன்றுமில்லை. மரவேர்கள்தான் படிகள். ஒரு வேரைப் பிடித்து இன்னொரு வேரில் கால் வைத்து ஏற வேண்டும். பிடித்த வேர் கையோடு வந்தால் உட்கார்ந்து சறுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றுக் கோயிலுக்கு ஏறியவள் என்ற தைரியத்தில் வந்திருந்தேன். அங்கே வெட்டிய படி, கைப்பிடிக் கம்பி, நடுவில் மோர்ப் பந்தல். இங்கே கீழே பார்த்தால் பாக்கியத்தின் தலை, மேலே பார்த்தால் சேகரின் குதிகால்.

அட்டைகள் வேறு. இலை நுனியில் நூல்போல நின்று ஆடும். கால் பட்டால் தாவும். பாக்கியம் ஈரச் சவுக்காரக் கட்டியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து என் காலெல்லாம் தேய்த்தார். வியர்வையில் அது வழிந்துபோக, அட்டைகள் நிம்மதியாகக் குடியேறின. குனிந்து பிடுங்கினால் விரலில் ஒட்டும். விரலிலிருந்து பிடுங்கினால் மறு கையில் ஒட்டும். நான் ஒரு கட்டத்தில் கத்திவிட்டேன்.

"கத்தாதீங்க மதினி, அதுக்குக் காது கேக்காது" என்றார் பாக்கியம்.

அருவி திடீரென்று வந்தது. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினோம், முகத்தில் தூறல் அடித்தது. கறுப்புப் பாறையில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, நடுவில் சேர்ந்து, கீழே பச்சைக் குளத்தில் விழுந்தது. குளத்திலிருந்து ஓடும் ஆற்றில் கற்களில் கால்வைத்து அக்கரைக்குத் தாண்டினோம். அங்கேதான் உட்கார வசதியான சாய்ந்த பாறை. குடம் குடமாகப் பிடித்துவைத்து வாழும் ஊரிலிருந்து வந்தவளுக்கு, யாரும் பிடிக்காமல் இவ்வளவு தண்ணீர் போவதைப் பார்க்கப் பதற்றமாகத்தான் இருந்தது. பாக்கியம் துணியோடு குளத்தில் இறங்கி முழுகினார். சேகர் வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஈரப்பலாக்காயை அவித்துத் தேங்காய்ப் பூ போட்டது. கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு போத்தல் தேநீர்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

"சொல்லுங்க மதினி."

குளத்திலிருந்து பாக்கியம் எழுந்து நின்றார். "சேகரு, தண்ணி நெறம் மாறுது."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தலைக்கு மேல் வெயில். ஆனால் மேலே மலையில் எங்கோ மழை. பச்சைத் தண்ணீரில் பால் விடாத தேநீரின் நிறம் ஊறியது. பிறகு இலைகள் வந்தன. பிறகு ஒரு முழு மரக்கிளை அருவியிலிருந்து விழுந்தது. பாக்கியம் ஓடிவந்து பாறையில் ஏறினார். திரும்பிப் பார்த்தபோது நாங்கள் தாண்டி வந்த கற்களைக் காணவில்லை. அந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் மடிந்து மடிந்து ஓடியது.

"வடியட்டும், போவலாம்" என்றார் சேகர்.

"எப்ப வடியும்?"

"அது சொல்ல முடியாதுங்க."

நான் பாறையில் நடக்க ஆரம்பித்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. மத்தியானம் கழிந்தது. சாயங்காலம் மங்கை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் வந்தோம், யார் என்னை வரச் சொன்னது என்று எல்லாரிடமும் கோபம் வந்தது, அருவி உட்பட. சேகர் ஒரு குச்சியைத் தண்ணீரோரம் ஊன்றி, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குச்சியையும் தண்ணீர் கொண்டுபோயிற்று.

அப்போது எதிர்க்கரையில் ஓர் ஆள் தென்பட்டான். சேகரோடு வேலை செய்யும் சுனில். கீழே சிங்களக் கிராமத்துக்காரன். ஓடி வந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான். அருவி இரைச்சலில் எதுவும் வந்து சேரவில்லை. சேகர் தண்ணீரோரம் வரை இறங்கிக் காதைக் கொடுத்தார். சுனில் வயிற்றைத் தொட்டுக் காட்டினான். என்னைச் சுட்டிக் காட்டினான். பிறகு தன் முழங்கை மடிப்பை மறு கையால் குத்திக் காட்டி, ஒரே ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கத்தினான்.

"லே! லே!"

சேகரின் முகத்தைப் பார்த்தேன். வந்த நாள் முதல் அசையாதிருந்த அந்த முகம் ஒரு கணத்தில் வெளுத்துப் போனது.

"லேன்னா என்ன?" என்றேன். அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "தம்பி, லேன்னா என்ன?"

பாக்கியம்தான் சொன்னார். "ரத்தம்."

விஷயம் பிறகு முழுதாகத் தெரிந்தது. மங்கைக்கு முன்னதாகவே வலி கண்டு, ரத்தப்போக்கு தொடங்கிவிட்டது. அந்த வகை ரத்தம் கையிருப்பில் கொஞ்சம்தான். கேகாலையிலிருந்து வர வேண்டும். மங்கை, "எங்க அக்காவுக்கும் இதே ரத்தம்தான், தோட்டத்துல இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். தோட்டத்து ஆபீசுக்குப் போன் வந்திருக்கிறது. இவ்வளவும் எங்களுக்கு அந்தப் பாறையில் தெரியாது. அந்த ஒரே எழுத்துதான் தெரியும்.

நான் தண்ணீரில் கால் வைத்தேன். முழங்கால் அளவுதான், ஆனால் ஆளைத் திருப்பிப் போட்டது. பாக்கியம் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

"ஒங்களையும் தேடணுமா நாங்க?"

சேகர் சுனிலுக்குக் கையால் ஏதோ காட்டினார்; கீழ்ப்பக்கம், நீளமாக, குறுக்காக. சுனில் தலையாட்டிவிட்டு அந்தக் கரையில் இறங்கி ஓடினான். "ஸ்டோருக்குத் தண்ணி போற கொழாய் இருக்கு. வாங்க" என்றார் சேகர். ரப்பர் தொழிற்சாலையைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள்.

எங்கள் கரையில் தடமே இல்லை. சேகர் கையால் செடிகளை விலக்கி முன்னால் போக, மூங்கில் முள்ளும் பிரம்பும் கிழிக்க, நாங்கள் விழுந்தும் எழுந்தும் இறங்கினோம். அட்டைகளை நான் பிடுங்கவே இல்லை. எதையாவது நினைத்தால் அழுதுவிடுவேன் என்று பாக்கியத்தின் நனைந்த முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆறு இரண்டு பாறைகளுக்கிடையில் ஒடுங்கும் இடத்தில் அந்தக் குழாய் இருந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்து இரும்புக் குழாய். துருப்பிடித்து, பாசி படிந்து, ஆளின் இடுப்பளவு பருமன். கரையிலிருந்து கரைக்கு அந்தரத்தில் போனது. அடியில் வெள்ளம். மறுமுனையில் சுனில் ஏற்கெனவே வந்து நின்றான்.

பாக்கியம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குழாயின் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து போனார். சுனில் அவரை இழுத்து ஏற்றினான். அடுத்து நான். எனக்குப் பின்னால் சேகர்.

பாதி வரை போனேன். அப்புறம் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. தண்ணீர் ஓடுவதற்குப் பதில் குழாய் பின்னோக்கி ஓடுவது போல இருந்தது. கை இரண்டும் இரும்போடு ஒட்டிக்கொண்டன. நகரு என்று மனசு சொன்னது, கை கேட்கவில்லை. அக்கரையில் பாக்கியம் வாயசைப்பது தெரிந்தது, சத்தம் இல்லை.

"மதினி" என்றார் சேகர், என் காதுக்குப் பின்னால், ரொம்ப நிதானமாக. "நீங்க மங்கையக் கூட்டிக்கிட்டுப் போவத்தான் வந்தீங்க. எனக்குத் தெரியுங்க."

நான் குழாயில் படிந்த பாசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூட்டிக்கிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா மொதல்ல நகருங்க."

கை விட்டது. நகர்ந்தேன்.

ஸ்டோர் வாசலில் சுனிலின் மச்சானுடைய திரீவீல் ஆட்டோ நின்றது. முன்னால் மச்சானோடு சுனில் பாதி உட்கார்ந்து பாதி தொங்க, பின்னால் நாங்கள் மூவரும். தோட்டத்து ரோட்டில் ஒரு சேற்றுப் பள்ளத்தில் சக்கரம் புதைந்து சுற்றியது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். சேறு என் முகத்தில் அடித்தது. மறுபடி ஏறினோம். பெரிய ரோட்டுக்கு வந்ததும் திரீவீல் நின்றே விட்டது. இந்தத் தடவை சேறு இல்லை, சோறு.

வெசாக் அன்று ஊர்க்காரர்கள் சேர்ந்து வழியில் போகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவார்கள். தன்சல் என்பார்கள். வாகனத்தை மறித்து, இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போ என்று அன்பாக வற்புறுத்துவார்கள். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு, அண்டாக்களில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, எங்களுக்கு முன்னால் லாரியும் பஸ்ஸும் வரிசையாக. ஒரு பெண் சிரித்துக்கொண்டே என் மடியில் கிழங்குப் பொட்டலத்தை வைத்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன். சுனில் இறங்கி ஓடினான். கூட்டத்துக்குள் அவன் குரல் கேட்டது. அந்த ஒரு சொல்லை மட்டும் இப்போது என்னால் பிரித்தெடுக்க முடிந்தது. லே.

பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு கிழட்டுக் குரல் ஏதோ அறிவித்தது. கடைசியில் "ஓ நெகட்டிவ்" என்பது மட்டும் எனக்கு விளங்கியது. லாரிகள் ஒதுங்கின. அண்டாவுக்குப் பின்னாலிருந்து வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமும் கட்டிய ஓர் ஆள், கையில் பெரிய அகப்பையோடு, வழி விடுங்கள் வழி விடுங்கள் என்பதுபோல் கையாட்டிக்கொண்டு வந்தார். யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கினார்கள். அவர் அதன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அகப்பையைக் கீழே வைக்க நேரமில்லை போலும். ஆஸ்பத்திரி வாசல் வரை அது அவர் கையில் கொடிபோல் நின்று வந்தது.

மங்கையை அதற்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். என்னையும் அகப்பைக்காரரையும் ஓர் அறைக்கு அழைத்தார்கள். நர்ஸ் என் கால்களைக் குனிந்து பார்த்தாள். அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம் கோடு கோடாக இறங்கி, தரையில் நான் நடந்த வழியெல்லாம் சொட்டியிருந்தது. அவள் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். பாக்கியம் சொன்னார்: "காட்டுக்குக் குடுத்தது போவ எங்களுக்கு மிச்சம் இருக்கான்னு கேக்குறா."

இருந்தது. பக்கத்துக் கட்டிலில் அந்த மனிதர் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்தார். நான் கைகூப்பினேன். என்ன சொல்வது, எந்த மொழியில் சொல்வது? பாக்கியம் என் சார்பில் நிறையச் சொன்னார். அவர் கூச்சத்தோடு தலையை ஆட்டி ஏதோ முணுமுணுத்துவிட்டு, அகப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"என்ன சொன்னாரு?"

"கெழங்கு அடிப்பிடிச்சிருக்கும், போறேங்குறாரு."

தாழ்வாரத்தில் காத்திருந்தோம். நானும் சேகரும் எதிரெதிரே நடந்தோம். நடுவில் சந்திக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விறகு பிளக்க அங்கே எதுவும் இல்லை. இருட்டத் தொடங்கி, ரோட்டில் காகிதக் கூடுகளில் விளக்கு ஏற்றியபோது, கதவு திறந்தது. நர்ஸ் சேகரிடம் சிங்களத்தில் பேசினாள். நான் மறுபடியும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுருங்கியது, கோணியது. பிறகுதான் அவர் அழுகிறார் என்று புரிந்தது.

"பொண்ணு, மதினி" என்றார். "ரெண்டு பேரும்..." அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாம்" என்று முடித்தார் பாக்கியம். முடித்துவிட்டு, அந்த மலையையே எழுப்பும் குரல்காரி, சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மங்கை எழுந்து உட்காரச் சில நாட்களாயின. ஒரு மத்தியானம், குழந்தை தூங்கும்போது, அப்பா சொல்லியனுப்பியதையும் சேகர் குழாய்மேல் சொன்னதையும் சேர்த்து அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் முழுதும் கேட்டாள். கன்னம் சிவந்தது.

"கொழாய்க்கு மேல உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் என்னைப் பத்தி முடிவு பண்ணீங்களா?"

"நான் ஒண்ணும் பண்ணல. அவருதான்..."

"அவரு யாரு என்னை அனுப்ப? நீ யாரு கூட்டிட்டுப் போக? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கத்த முடியாமல் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இங்க கஷ்டம் இல்லன்னு சொல்லல அக்கா. கூரை ஒழுகுது. ரெண்டு புள்ளைய மண்ணுல வச்சிருக்கேன். ஆனா இவரு ஒருநாளும் என்னைக் கேக்காம எதையும் செஞ்சதில்ல. இதுதான் மொதத் தடவை. வரட்டும், இருக்கு."

அந்த நேரம் பார்த்து சேகர் தேநீர்ப் போத்தலோடு வந்தார்.

"என்னைக் குடுத்திட்டீங்களாமே?" என்றாள் மங்கை.

அவர் என்னைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்தன. "அந்த நேரத்துல வேற என்ன சொன்னா மதினி நகருவாங்க?"

மங்கை சிரித்துவிட்டாள், தையல் வலித்து, ஐயோ ஐயோ என்று மறுபடி சிரித்தாள். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அதைச் சிங்களத்தில் சொல்ல, அவளும் சிரித்தாள்.

"அப்ப சும்மாவா சொன்னீங்க, தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மதினி" என்றார், போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே. "நெசமாத்தான் சொன்னேன்."

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. மங்கை அவர் கையிலிருந்த போத்தலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்றே கரவனெல்லக் கடைத்தெருவில் வெளிநாட்டுக்குப் பேசும் கடையொன்றைத் தேடிப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, ஊருக்குப் போன் போட்டேன். அப்பாவே எடுத்தார். குழந்தை பிறந்த அன்று பேசியதற்குப் பிறகு இதுதான். குழந்தை கண் திறந்து பார்க்கிறது என்றேன். யார் சாடை என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன்.

"சரி. எப்பக் கூட்டிட்டு வர்ற?"

"அவ வரலப்பா. நானும் இனிமே கேக்கப் போறதில்ல."

போனில் இரைச்சல் மட்டும் வந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். கூண்டுக்குள் நடக்க இடமில்லை. வயரைச் சுற்றிச் சுற்றி விரலில் ஏற்றிக்கொண்டு நின்றேன்.

"பார்க்கணும்னா நீங்க வாங்கப்பா."

அம்மா பின்னால் ஏதோ கேட்பதும், அவர் "இரு" என்பதும் காதில் விழுந்தன. பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"பாஸ்போர்ட் எடுக்க எங்க போகணும்?" என்றார் அப்பா. "திருச்சிக்கா?"